நாலு பேர், நாலு நேரம்: இணையத்தில் பாத்திரமேற்று ஆட எந்த வழி?

"மாமா, டி அண்ட் டி ஆடணும்னு ரொம்ப நாளா ஆசை. நாங்க நாலு பேரு இருக்கோம். எந்த சர்வர்ல போய்ச் சேரட்டும்?" என்று என் அக்காள் மகள் கேட்டாள். நாகர்கோவிலில் கல்லூரி இறுதியாண்டு படிப்பவள், வீடு தக்கலையில். மற்ற மூவரில் ஒருத்தி மார்த்தாண்டத்திலிருந்து பேருந்தில் வந்து போகும் வகுப்புத் தோழி. அடுத்தவர் அந்தத் தோழியின் அண்ணன். குவைத்தில் வேலை, மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கி இரவு பத்துக்கு முடியும் ஷிப்ட். நான்காமவன் தூத்தூர்ப் பையன். பிளஸ் டூவில் தோழியோடு ஒரே வகுப்பு, இப்போது அப்பாவின் படகில் ஆழ்கடலுக்குப் போகிறான், போனால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். இந்த நால்வரையும் மனத்தில் வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த வழிகளை எடைபோட்டு அவளுக்கு எழுதிக் கொடுத்தேன். அதைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்கு ஒரு சொல். ஒருவர் சூழலை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, தம் பாத்திரம் என்ன செய்கிறது என்பதைச் சொல்வார்கள். முடிவு எப்படியும் போகலாம் என்ற இடத்தில் பகடை உருளும். விவரிப்பவரை டிஎம் என்றோ ஜிஎம் என்றோ அழைப்பார்கள். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் 1974இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' (சுருக்கமாக டி அண்ட் டி) என்ற விதிநூலிலிருந்துதான் இது உலகெங்கும் பரவியது. இன்று விதிநூல்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஆகவே புதியவர்கள் பெரும்பாலும் எந்த விதிநூல், எந்த சர்வர் (அதாவது இணையத்தில் எந்தக் குழு) என்ற இரண்டு கேள்விகளில்தான் தொடங்குகிறார்கள். என் அனுபவத்தில் அவை இரண்டும் பின்னால் வர வேண்டியவை. ஒருவர் பேசியதற்கு இன்னொருவரின் பதில் எவ்வளவு நேரத்தில் வந்தாக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், மற்றவை ஏறத்தாழத் தாமாகவே தீர்ந்துவிடும். நொடியில் பதில் வேண்டுமென்றால் குரல். நிமிடத்தில் வந்தால் போதுமென்றால் ஒரே நேரத்தில் உட்கார்ந்து தட்டச்சு. ஒரு நாள் பொறுக்கலாமென்றால் அவரவர் நேரத்தில் எழுதிப் போடும் எழுத்தாட்டம்.

குரலில் ஆடுவதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் என் அக்காள் மகள் காணொளிகளில் பார்த்து ஆசைப்பட்டது அதைத்தான். டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் ஒரு குரல் அறை, ரோல்20 போன்ற தளத்தில் ஒரு வரைபடம், அதன்மேல் பாத்திரங்களைக் குறித்து நகரும் வில்லைகள், வாரம் ஒரு நாள் மூன்று மணி நேரம். இதன் பலம் வேகம். நான்கு சுற்றுச் சண்டை ஒன்று ஒரு மணி நேரத்தில் முடியும். ஒருவர் சொன்ன நகைச்சுவைக்கு மற்றவர்கள் சிரிப்பது அப்போதே காதில் விழும். இணையத் தரவு தீர்ந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையற்றது. டிஸ்கார்டின் குரல் அறை இயல்பாக நொடிக்கு 64 கிலோபிட் அளவில் இயங்குகிறது. ஒருவர் பேசும் ஓடைக்குக் கணக்குப் போட்டால் மணிக்கு 30 எம்பிக்கும் குறைவு. மூன்று மணி நேர ஆட்டம், வரைபடப் படங்களைத் தவிர்த்தால், ஒரு சிறு காணொளியின் செலவில் முடிந்துவிடும். சிக்கல் தரவின் அளவில் இல்லை, தொடர்ச்சியில் இருக்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடியில் ஒரு மழைக்காலம், ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. ரப்பர் மரக் கிளை ஒன்று கம்பியில் விழுந்தால் போதும், தெருவே இருண்டுவிடும். டிஎம் இருக்கும் வீட்டில் மின்சாரம் போனால் அன்றைய ஆட்டம் அத்தோடு நின்றது. இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டுக்காரரை டிஎம் ஆக்குங்கள் என்று நான் சொல்வது பாதி வேடிக்கைக்குத்தான். மீதி பாதி அனுபவம்.

அடுத்தது கடிகாரம். வெளிநாட்டுப் பொது சர்வர்களில் மேசைகள், அதாவது ஆட்டக் குழுக்கள், அதிகம், ஆனால் அவர்களுடைய மாலை நம்முடைய மாலை அன்று. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு எட்டு மணி என்றால் கோடையில் நமக்கு விடியற்காலை 5.30, குளிர்காலத்தில் 6.30. பிரிட்டனில் மாலை ஏழு என்றால் கோடையில் நமக்கு இரவு 11.30, குளிர்காலத்தில் நள்ளிரவு கடந்து 12.30. அவர்கள் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள், நாம் வைப்பதில்லை. ஆகவே ஆறு மாதம் பழகிய நேரம் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு மணி மாறிவிடும். இதை மறந்து ஓர் அக்டோபர் இறுதியில் நான் பாதித் தூக்கத்தில் அறைக்குள் போய், அங்கே யாருமில்லாததைக் கண்டு, எல்லோரும் என்னை விட்டுவிட்டு ஆட்டத்தை முடித்துவிட்டதாக வருந்தி உறங்கப் போனேன். ஒரு மணி நேரம் கழித்து அவர்கள் கூடி என்னைத் தேடியிருக்கிறார்கள். நமக்கு நேரம் ஒத்துவருவது கிழக்கேதான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இரவு ஒன்பது மணி நமக்கு மாலை 6.30, தமிழ் பேசுபவர்களும் அங்கே கிடைப்பார்கள். குவைத் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. தோழியின் அண்ணன் வேலை முடிந்து வெளியே வரும்போது இங்கே நள்ளிரவு 12.30.

அந்த நேரத்தில் ஒரு வீட்டில் உட்கார்ந்து குரலில் ஆடுவது என்பது ஆட்டக்காரரின் பிரச்சினை மட்டுமன்று. தொடக்க காலத்தில் நான் ஒரு வழிப்பறிக்காரன் பாத்திரத்தில் இரவு பதினொன்றரைக்குத் தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு, "பணப்பையைக் கீழே வை, உயிரோடு போ" என்று மிரட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த அறையிலிருந்து அம்மா எழுந்து வந்து, வாசலில் நின்று, "யாருக்கு மக்களே பைசா குடுக்கணும்?" என்று கேட்டாள். நான் கடன்பட்டுவிட்டேன் என்ற ஐயம் அவளுக்குத் தீர ஒரு வாரம் ஆயிற்று. தனி அறையும் மூடும் கதவும் உள்ளவர்களுக்குக் குரல் ஆட்டம் இயல்பாக அமையும். கூட்டாக வாழும் வீட்டில், அதிலும் ஒரு பெண் பிள்ளை நள்ளிரவில் முன்பின் தெரியாத ஆண்களோடு பேசுகிறாள் என்ற பேச்சு எழக்கூடிய தெருவில், அது தினமும் விளக்கம் சொல்ல வேண்டிய காரியமாகிவிடும். அந்தப் பேச்சு சரியா தவறா என்பது வேறு விவாதம்; விளக்கம் சொல்லும் சுமை அவள்மேல் விழுகிறது என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. ரோல்20 2012இலிருந்து இருக்கிறது. இலவசக் கணக்கிலேயே ஓர் ஆட்டத்தை நடத்திவிடலாம், ஆனால் மடிக்கணினி இல்லாமல் கைப்பேசியில் மட்டும் ஆடுபவருக்கு அது சுகப்படாது. பவுண்ட்ரி என்பது அதே வேலைக்கான மென்பொருள், 2020இல் வந்தது. நடத்துபவர் மட்டும் ஒரே முறை பணம் கட்டினால் போதும், அடிப்படை விலை 50 அமெரிக்க டாலர். ஆனால் அதை நடத்துபவரின் கணினியிலேயே இயக்கி மற்றவர்களை உள்ளே அழைக்க வேண்டும். நம் ஊர் இணைப்புகள் பலவற்றில் வீட்டுக்கென்று தனியான பொது ஐபி முகவரி கிடைப்பதில்லை என்பதால், வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாமல் கடைசியில் வாடகைக் கணினி ஒன்றுக்கும் மாதாமாதம் பணம் கட்ட நேரிடும். நான்கு மாணவர்கள் தொடங்கும் ஆட்டத்துக்கு இது தேவையே இல்லை.

ஒரே நேரத்தில் கூடி, பேசாமல், தட்டச்சு மட்டும் செய்து ஆடுவது இரண்டாவது வழி. குரலால் வரும் சங்கடங்கள் இதில் இல்லை. யார் ஆண், யார் பெண், யாருக்கு எந்த ஊர் வழக்கு என்பது எவருக்கும் தெரிய வேண்டியதில்லை. பக்கத்து அறையில் பாட்டி உறங்கலாம். ஆனால் வேகம் குறையும். என் கணிப்பில், குரலில் ஒரு மணி நேரத்தில் நடப்பது இதில் மூன்று மணி நேரம் எடுக்கிறது. கைப்பேசியில் தமிழ் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னும் கூடுதல். மேலும் இதற்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தாக வேண்டும். குரலின் கட்டாயமும் எழுத்தின் மந்தமும் ஒருங்கே சேர்ந்த ஏற்பாடு என்று சொன்னால் இதை விரும்புபவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனாலும் இந்த நால்வருக்கு இது உதவாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனி எழுத்தாட்டம். டிஎம் ஒரு பத்தி எழுதிப் போடுகிறார். அவரவர் தம் வசதிப்படி அன்றோ மறுநாளோ ஒரு பத்தி எழுதுகிறார்கள். சேனலில் உள்ள நிரலுக்கு ஒரு கட்டளை கொடுத்தால் அது பகடை உருட்டி, எல்லோர் கண்முன்னும் எண்ணைக் காட்டுகிறது. இதன் மூதாதை இணையத்துக்கு முந்தியது. தபால் அட்டையில் சதுரங்கம் ஆடியவர்கள் இருந்தார்கள். 1970களில் அமெரிக்காவில் கட்டணம் வாங்கிக்கொண்டு தபால் வழியே போர் விளையாட்டுகளை நடத்திய நிறுவனங்கள் இருந்தன. ஆக, காத்திருப்பது இந்த வகையின் குறை அன்று, அதன் இயல்பு. பகலெல்லாம் வேலையில் இருந்துவிட்டு, இரவில் தன் பாத்திரம் என்ன சொல்லும் என்று யோசித்து நான்கு வரி எழுதுவதில் ஒரு நிறைவு இருக்கிறது. குரலாட்டத்தில் அந்த யோசனைக்கு இடமே கிடைக்காது.

ஆனால் இதை எல்லோரும் புகழ்வதுபோல் நான் புகழப் போவதில்லை. எழுத்தாட்டங்களில் பெரும்பாலானவை செத்துப்போகின்றன, அதுவும் சத்தமில்லாமல். குரலாட்டம் நின்றால் யாராவது "இனிமேல் முடியாது" என்று சொல்லியிருப்பார்கள். எழுத்தாட்டத்தில் ஒருவர் இரண்டு நாள் தாமதிப்பார், அடுத்தவர் அவருக்காகக் காத்திருப்பார், டிஎம் இருவருக்காகவும் காத்திருப்பார், ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் கதாநாயகன் பாதி திறந்த கதவில் கை வைத்தபடி நின்றுகொண்டிருப்பான். நான் ஆடிய நான்கில் மூன்று இப்படித்தான் முடிந்தன. பிழைத்த ஒன்று பதினான்கு மாதம் ஓடியது. அது பிழைத்ததற்குக் காரணம் கதையின் சிறப்பு அன்று, மூன்று கறாரான ஏற்பாடுகள்.

முதலாவது, 48 மணி நேரம். அதற்குள் ஒருவர் எழுதாவிட்டால் டிஎம் அந்தப் பாத்திரத்தை ஓரமாக, உயிருக்கு ஆபத்தில்லாமல், ஏதோ ஒரு சிறு காரியத்தைச் செய்ய வைத்துவிட்டுக் கதையை நகர்த்திவிடுவார். எவரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, எவரும் கடிந்துகொள்ளவும் கூடாது. இரண்டாவது, சண்டையில் முறை வைத்து ஆடக் கூடாது. கணக்கைப் பாருங்கள்: நான்கு ஆட்டக்காரர்களும் எதிரியும் ஒருவர்பின் ஒருவராகவே ஆட வேண்டும், ஒவ்வொருவரும் நாளுக்கு ஒரு முறை மட்டுமே எட்டிப் பார்க்கிறார்கள் என்றால், நான்கு சுற்றுச் சண்டை இருபது நாள் வரை இழுக்கும். அதையே, பகலில் எல்லோரும் எந்த வரிசையிலும் எழுதலாம், இரவில் டிஎம் மொத்தமாகத் தீர்த்து வைப்பார் என்று மாற்றினால் நான்கே நாள். மூன்றாவது, 'இப்படி நடந்தால்' என்று போட்டு எழுதப் பழகுவது. "கதவைத் தட்டுகிறேன்" என்று மட்டும் எழுதினால் அடுத்த வரிக்கு ஒரு நாள் காத்திருக்க வேண்டும். "கதவைத் தட்டுகிறேன்; பெண் திறந்தால் தண்ணீர் கேட்பேன், காவலாள் திறந்தால் வழி தவறி வந்ததாகச் சொல்வேன், எவரும் திறக்காவிட்டால் பின்பக்கம் போவேன்" என்று எழுதினால் இரண்டு நாள் மிச்சம். பிழைத்த ஆட்டத்தில் இருந்த எல்லோரும் இந்த மூன்றாவதை இரண்டே வாரத்தில் கற்றுக்கொண்டோம்; செத்தவற்றில் ஒருவரும் கற்கவில்லை.

எழுத்தா, குரலா என்ற ஒப்பீட்டில் நம்மவர்கள் அதிகம் பேசாத இன்னொரு செய்தி உண்டு. அது தமிழில் ஆடும்போது மட்டுமே தலைகாட்டுவது. ஆங்கிலத்தில் டிஎம் எல்லோரையும் ஒரே முன்னிலைச் சொல்லால் அழைத்துவிடலாம். தமிழில் முதல் வரியிலேயே முட்டும். "நீ இருட்டான மண்டபத்துக்குள் நுழைகிறாய்" என்று என் அக்காள் மகள், தன்னைவிடப் பத்து வயது மூத்த தோழியின் அண்ணனைப் பார்த்து எப்படிச் சொல்வாள்? "நீங்கள் நுழைகிறீர்கள்" என்றால் ஒருவர் நுழைந்தாரா, நால்வரும் நுழைந்தார்களா என்பது விளங்காது. குரலில் ஆடும் தமிழ்க் குழுக்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகின்றன. பிறகு திரும்பி வருவதில்லை. எழுத்தில் இதற்கு எளிய தீர்வு இருக்கிறது: படர்க்கை. "வேலம்மை விளக்கின் திரியைத் தாழ்த்திவிட்டு மண்டபத்துக்குள் நுழைகிறாள்" என்று எழுதிவிட்டால், வேலம்மையாக ஆடுபவர் யார், அவர் வயதென்ன என்பது கேள்வியே ஆவதில்லை. அண்ணனுக்கு உரிய மரியாதை அண்ணனுக்கு; வேலம்மைக்கு உரியது வேலம்மைக்கு.

பாத்திரங்கள் தங்களுக்குள் பேசும்போதோ, இதே சிக்கல் செல்வமாக மாறிவிடுகிறது. நாங்கள் பதினான்கு மாதம் ஆடிய கதை 1741இல் குளச்சல் போருக்குப் பிந்திய சில வாரங்களில் நடப்பது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுச் சரணடைந்திருக்கிறது. சிறைப்பட்டவர்களில் டிலனாய் இருக்கிறார், அவர் பின்னாளில் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி தரப்போகிறார், உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறை இன்றும் இருக்கிறது என்பது ஆடும் எங்களுக்குத் தெரியும், பாத்திரங்களுக்குத் தெரியாது. பத்மநாபபுரம் அரண்மனைக் கணக்கெழுத்தர் ஒருவர், சிறைப்பட்ட ஐரோப்பியச் சிப்பாய்க்குச் சோறு அளக்கிறார். அவனை என்னவென்று அழைப்பது? 'நீ' என்றால் பகைவன். 'நீங்கள்' என்றால் அரண்மனையில் யாராவது காதில் வாங்கிப் போட்டுக்கொடுத்துவிடுவார்கள். நம் பக்கத்தில் இன்னும் உயிரோடிருக்கும் 'நீரு' அங்கே கைகொடுத்தது. மூன்று வாரம் 'நீ' என்று பேசிவந்த கணக்கெழுத்தர் ஒரு நாள், "நீரு சாப்பிட்டீரா, ஓய்?" என்று கேட்டார். அவ்வளவுதான் அன்றைய பதிவு. அந்தப் பாத்திரங்களுக்கிடையே என்ன மாறியது என்பதை விளக்க ஒருவரும் ஒரு வரிகூட எழுத வேண்டியிருக்கவில்லை. இதைக் குரலில் சொல்லியிருந்தால், அடுத்தவர் பகடை உருட்டும் அவசரத்தில், கேட்காமலே போயிருக்கும்.

விதிநூல் பற்றிய கேள்விக்கு இப்போது வரலாம். டி அண்ட் டியின் உயிர் அதன் சண்டையில் இருக்கிறது: யார் எந்தக் கட்டத்தில் நிற்கிறார், எத்தனை அடி நகர்கிறார், யார் முறை. வரைபடமும் குரலும் உள்ள மேசைக்கு அது பொருந்தும். எழுத்தாட்டத்தில் அதுவே கழுத்தை நெரிக்கும். ஆனால் ஒரு நன்மையைச் சொல்ல வேண்டும். அதன் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் அதைத் தமிழாக்கிப் பரப்பலாம். இவ்வளவு பெரிய வாய்ப்பு நம் கையில் இருந்தும் முழுமையான தமிழாக்கம் ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

எழுத்தாட்டத்துக்கு நான் பரிந்துரைப்பது, 2010இல் வெளிவந்த 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' என்ற ஆட்டத்தின் வழிவந்த விதிகள். இரண்டு சாதாரண ஆறு முகப் பகடைகள். கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் என்றால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை என்றால் நடக்கும், ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டும். 6 அல்லது அதற்குக் கீழே என்றால் டிஎம் கை ஓங்கும். கூடுதல் மதிப்பெண் ஏதுமில்லாத பாத்திரத்துக்கு, 36 வாய்ப்புகளில் 6இல் முழு வெற்றி, 15இல் பாதி வெற்றி, 15இல் தோல்வி. டி அண்ட் டியின் இருபது முகப் பகடையில் தோற்றால் பல நேரம் "ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுதிவிட்டு இன்னொரு நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். இங்கே ஒவ்வோர் உருட்டலும் கதையை ஏதோ ஒரு பக்கம் தள்ளிவிடுகிறது. எதிரிக்கென்று தனி முறையும் கிடையாது. நாளுக்கு ஒரே பதிவு எழுதும் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் கண்டதில்லை. பேட் என்ற ஆட்டமும் நல்லதே. அதற்குக் கூட்டல், கழித்தல், வெற்றிடம் பொறித்த தனிப் பகடை நான்கு வேண்டும். வாங்கத் தேவையில்லை, சாதாரணப் பகடையில் 1, 2 விழுந்தால் கழித்தல், 3, 4 வெற்றிடம், 5, 6 கூட்டல் என்று கொள்ளலாம். ஆனால் பாத்திரத்தின் இயல்புகளைச் சொற்றொடர்களாக எழுதி அவற்றை வைத்துப் பேரம் பேசும் அதன் முறை, முதன்முதலாக ஆடுபவர்களைத் திகைக்க வைக்கும்.

மட் எனப்படும் பலர் ஆடும் எழுத்து உலகங்களையும் அக்காள் மகள் கேள்விப்பட்டிருந்தாள். 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் தொடங்கிய மரபு அது. எந்நேரமும் விழித்திருக்கும் உலகம், எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், யாருக்கும் காத்திருக்க வேண்டாம். திரைவாசிப்பானின் துணையோடு ஆடும் பார்வையற்றவர்கள் அங்கே நிறையப் பேர் உண்டு. ஆனால் அங்கே டிஎம் என்ற மனிதர் இல்லை, கட்டளைகள் எல்லாம் ஆங்கிலம், பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்து உடைந்து போகும். நால்வர் சேர்ந்து தம் கதையைக் கட்டுவதற்கு அது இடமன்று.

பெரிய பொது சர்வரில் சேர்வதா, நால்வர் மட்டும் தனியாகத் தொடங்குவதா என்பதில் மட்டும் நான் சற்று நேரம் தயங்கினேன். பொது சர்வரில் பழகியவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்துக் கற்கலாம். ஒரே அமர்வில் முடியும் ஒன்-ஷாட் ஆட்டங்களில் இடம் கிடைக்கும். ஆனால் எங்கும் ஆட வருபவர்கள் பலர், நடத்துபவர்கள் சிலர். நீண்ட ஆட்டம் ஒன்றில் சேர, மாதிரிப் பத்தி எழுதி விண்ணப்பித்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும், அதிலும் நால்வருக்கும் சேர்த்து இடம் கிடைப்பது அரிது. சேர்வதானால், ஆட்டத்துக்கு முன்பே 'செஷன் ஜீரோ' என்ற பேச்சு நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதையில் எது வரவே கூடாது, எது வந்தாலும் திரைக்குப் பின்னால் மட்டும் நடக்கலாம் என்பதை அதில்தான் முடிவு செய்வார்கள். நடுவே யாருக்காவது ஒப்பாமல் போனால் காரணம் கேட்காமல் காட்சியை விட்டு நகரும் 'எக்ஸ் கார்டு' வழக்கமும் இருக்க வேண்டும். இவற்றைக் கேட்டதும் சிரிக்கும் டிஎம்மின் மேசையில் உட்காராதே என்று எழுதிக் கொடுத்தேன். டிஸ்கார்டில் 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இடமில்லை என்பதையும், பல மேசைகள் 18 நிரம்பியவர்களுக்கு மட்டுமே என்பதையும், தம்பி தங்கைகளையும் சேர்க்க நினைப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

எஞ்சியது தூத்தூர்ப் பையன். கரையிலிருந்து சிறிது தொலைவு போனதும் கைப்பேசியில் சிக்னல் போய்விடும். குரலும் எழுத்தும் அவனுக்கு ஒன்றுதான். அவனை விட்டுவிட்டு ஆடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2018இல் வெளிவந்த 'அயர்ன்ஸ்வோர்ன்' என்ற இலவச விதிநூல் ஒருவர் தனியாகவே ஆடுவதற்கென்றும் அமைக்கப்பட்டது: ஓர் ஆறு முகப் பகடை, இரண்டு பத்து முகப் பகடைகள், ஆறு முகத்தில் விழுந்ததோடு பாத்திரத்தின் திறனைக் கூட்டி, அது மற்ற இரண்டையும் வெல்கிறதா என்று பார்ப்பது. டிஎம் செய்யும் வேலையைக் கேள்வி பதில் அட்டவணைகள் செய்துவிடும். அவனுடைய பாத்திரத்தைக் கதையில் ஒரு தூதனாக அனுப்பிவிட்டு, கடலில் இருக்கும் நாள்களில் அந்தப் பயணத்தை அவன் நோட்டில் தனியாக ஆடிக்கொண்டு வரட்டும் என்றேன். ஆடும் படகில் பகடை நிற்காது என்று அவன் சொன்னான். எண் எழுதிய சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுப்பது என்று தீர்வும் அவனே கண்டான்.

அவன் கரையில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் தக்கலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மூவரும் நேரில் கூடுவது, அண்ணன் விடுப்பில் இருந்தால் குரல் அறையில் சேர்ந்துகொள்வது, மற்ற நாள்களில் தமிழில், படர்க்கையில், இரண்டு பகடை விதிகளில் எழுத்தாட்டம், அக்காள் மகளே டிஎம்: கடைசியில் அவர்கள் தேர்ந்தது இதைத்தான். மூன்று மாதமாக ஓடுகிறது. அண்ணனின் பதிவுகள் இரவு ஒரு மணிக்கு வருகின்றன. தோழி அவற்றைக் காலைப் பேருந்தில் நின்றுகொண்டே படித்துப் பதில் போடுகிறாள். 48 மணி நேர விதியை இதுவரை இரண்டு முறை பயன்படுத்த வேண்டியிருந்தது. இரண்டு முறையும் தேர்வுக்காக டிஎம்மின்மேல்தான்.

போன வாரம் படகு கரை சேர்ந்தது. உப்புத் தண்ணீர் பட்டு ஓரம் சுருண்ட நோட்டில் பதினொரு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். அதன்படி அவனுடைய தூதன் ஒரு காலில் காயத்தோடும், யாரும் எதிர்பாராத ஓர் ஓலையோடும் திரும்பி வந்திருக்கிறான். அந்த ஓலையில் இருப்பது உண்மையானால் மற்ற மூவரும் எழுதிய இரண்டு மாதக் கதை தலைகீழாகும். டப்பாவில் குலுக்கி எடுத்த சீட்டை எவரும் பார்க்கவில்லை, எனவே அது செல்லாது என்கிறார் குவைத்து அண்ணன். அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார் என்கிறான் இவன்.